அஞ்சலில் சேராத கடிதங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் படுகையில் கொட்டிய மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. திருநெல்வேலியில் வெள்ளம் வந்தால் முதலில் முழுகுவது குறுக்குத்துறை முருகன் கோயில்; அது வழக்கம்போல் முழுகியது. இந்த முறை ஜங்ஷன் பேருந்து நிலையமும் சுற்றியிருந்த தெருக்களும் சேர்ந்து முழுகின. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் அந்த இரண்டு நாளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தது. மச்சில் ஏறி உட்கார்ந்தது, தொழுவத்தில் மாட்டை அவிழ்த்துவிட்டது, கரண்ட் இல்லாத ராத்திரியில் ஆச்சி உட்கார்ந்து 1992 வெள்ளத்தைப் பற்றிக் கதை சொன்னது.

இதே பிள்ளைகளிடம் ‘இயற்கைப் பேரிடர்’ என்ற தலைப்பில் கட்டுரை கேட்டால் என்ன வரும் என்பதும் நமக்குத் தெரியும். முன்னுரை. பேரிடரின் வகைகள். நிலநடுக்கம், சுனாமி, புயல். அரசு செய்ய வேண்டியவை, மக்கள் செய்ய வேண்டியவை. முடிவுரை. பாடநூலில் கட்டுரைக்குக் கீழே கொடுக்கப்படும் குறிப்புச் சட்டகத்தை அப்படியே துணைத் தலைப்புகளாக்கி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு இரண்டு வாக்கியம். அதில் ஆறு இருக்காது, ஆச்சி இருக்க மாட்டாள். ஒரு வகுப்பின் முப்பத்தைந்து நோட்டிலும் முன்னுரை ஒன்றுபோல இருக்கும். கரும்பலகையிலிருந்தோ உரைநூலிலிருந்தோ இறங்கி வந்தது அது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை, வாசிப்பு இல்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது. மூன்றாவதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. முதல் இரண்டும் பாதி உண்மை. என் கணிப்பு வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை நம் பிள்ளைகள் எழுதும் எதற்கும் வாசகர் கிடையாது. மதிப்பெண் போடும் ஒருவர் உண்டு, அவ்வளவுதான். அவருக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்பது தெரிந்தாக வேண்டிய அவசியம் இல்லை, ஏனென்றால் அதை அவரே முந்தின நாள் எழுதிப் போட்டிருக்கிறார்.

கடிதப் பயிற்சியில் இந்த வேடிக்கை இன்னும் பளிச்சென்று தெரியும். ‘பிறந்தநாள் பரிசாகப் புத்தகம் அனுப்பிய மாமாவுக்கு நன்றிக் கடிதம் எழுதுக.’ மாமா புத்தகம் அனுப்பவில்லை. பல வீடுகளில் மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், ராத்திரி வாட்ஸாப்பில் பேசுகிறார். பிள்ளை உறைமேல் முகவரிக்குப் பெட்டி வரைந்து, இல்லாத மாமாவுக்கு இல்லாத புத்தகத்துக்காக நன்றி சொல்லி, ‘தங்கள் அன்புள்ள’ என்று முடித்து, ஐந்துக்கு நான்கு வாங்குகிறது. அந்தக் கடிதம் எந்தத் தபால் பெட்டியிலும் விழப் போவதில்லை என்பது எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் தெரியும்.

இதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தை ஏசிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இந்த முறை எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் சிக்கலானது.

திண்ணைப் பள்ளிக்கூடம் மனப்பாடத்தின் கூடம் என்றே நாம் பேசிவருகிறோம். சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கு 1826இல் முடிந்தபோது மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள் இருப்பதாகத் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட திண்ணைகள்தாம். மணலில் விரலால் எழுதி, ஓலைக்கு ஏறி, ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு என்று உருப்போட்டுக் கடைசியில் பிள்ளை வந்து சேருமிடம் கடுதாசியும் கணக்கும் பத்திரமும். பலருடைய கையெழுத்தில் வந்த பழைய ஓலைகளை வாசிக்கப் பழகுவதும் படிப்பில் சேர்த்தி. கவிதை எழுதச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது இல்லை, உண்மைதான். சாதியால் கதவடைத்த இடமும்கூட. ஆனால் அங்கே பிள்ளை எழுதக் கற்ற கடுதாசியை வாங்கிப் படிக்க ஊரில் யாரோ ஒருவர் இருந்தார். கடன் கொடுத்தவரோ, நிலம் வாங்குகிறவரோ.

உரைநடை வகுப்பறைக்குள் நுழைந்ததில் பாளையங்கோட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. 1820இல் அங்கே வந்த சி.எம்.எஸ். மிஷனரி ரேனியஸ் 1838இல் சாகும்வரை பள்ளிகள் திறந்துகொண்டும் புத்தகம் எழுதிக்கொண்டும் இருந்தார். 1832இல் வந்த அவருடைய ‘பூமி சாஸ்திரம்’ பிள்ளைகளுக்கு உலகத்தைத் தமிழ் உரைநடையில் சொல்லிப்பார்த்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. பின்னால் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது, அதன் மெட்ரிகுலேஷன் தேர்வு வந்தது, அதற்குத் தயார்செய்யும் பள்ளிகளில் ‘வியாசம்’ என்ற கட்டுரை வந்தது. வியாசத்தைப் படிக்கிறவர் எங்கோ சென்னையில் இருக்கும் முகம் தெரியாத தேர்வாளர். அவரிடம் நெல்லையப்பர் கோயில் தேரைப் பற்றியோ வண்ணார்பேட்டை முடுக்கைப் பற்றியோ எழுதி என்ன பயன்? பொதுவாக எழுதினால்தான் பிழைக்கலாம். ‘ஒற்றுமையே பலம்’, ‘காலம் பொன் போன்றது’ வகைத் தலைப்புகளுக்கு இப்படித்தான் ஆயுள் கெட்டியானது. தேர்வாளர் மாறிவிட்டார், தேர்வு மாறிவிட்டது. எட்டாம் வகுப்புவரை பொதுத்தேர்வே கிடையாது. 2019இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று வந்த ஆணை 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் நடுநிலைப் பள்ளி நோட்டில் அந்த முகம் தெரியாத ஆள் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

பாரதி திருநெல்வேலி இந்து கல்லூரிப் பள்ளியில் படித்தது 1894 முதல் 1897 வரை. அந்தப் படிப்பைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் என்பது 1910இல் வந்த ‘சுயசரிதை’யைப் படித்தவர்களுக்குத் தெரியும், அப்பாவின் பணம் கரைந்தது போக மிஞ்சியது கேடுதான் என்கிற தொனியில் எழுதினார். ஆனால் சிறுவயதில் அவர் கற்ற இன்னொரு பயிற்சியைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்கச் சொல்வது அது. காந்திமதிநாதன் என்பவர் அவரை மட்டம்தட்டும்படி ஓர் ஈற்றடியைக் கொடுக்க, பையன் சந்தியைப் பிரித்து, அதே வரி கொடுத்தவர் தலையிலேயே விழும்படி திருப்பிவிட்டான் என்று ஒரு கதை இந்தப் பக்கத்தில் உலவுகிறது. கதையின் உண்மை ஒருபுறம் இருக்கட்டும். பயிற்சியை மட்டும் பாருங்கள். எழுத்துக்கு ஒரு கட்டுப்பாடு, எதிரே ஒரு கேட்பவர், உடனே கிடைக்கும் சிரிப்பு அல்லது கேலி. பதினொரு வயதுப் பிள்ளையை உசுப்பிவிட இந்த மூன்றும் போதும். வெண்பாவைத்தான் பிடிக்க வேண்டும் என்று இல்லை. கடைசி வாக்கியத்தைக் கொடுத்துக் கதையை முன்னால் கட்டச் சொன்னாலும் ஈற்றடி ஈற்றடிதான்.

இந்தப் பள்ளத்தாக்கின் எழுத்தாளர் பட்டியல் நீளமானது. புதுமைப்பித்தனிலிருந்து தொடங்கி யாரை விட்டாலும் சண்டைக்கு வருவார்கள். நான் கவனிப்பது அவர்கள் எந்த இடத்தில் எழுதக் கற்றார்கள் என்பதை. அநேகமாக வகுப்பறையில் இல்லை. கி. ராஜநாராயணன் தன் பள்ளிப் படிப்பைப் பற்றி அடித்த கிண்டல் பிரசித்தம்: மழைக்கு ஒதுங்கிய இடம் அது, ஒதுங்கினபோதும் பாடத்தைப் பார்க்காமல் மழையைத்தான் பார்த்ததாகச் சொல்வார். டி.கே. சிதம்பரநாத முதலியாரின் (டி.கே.சி.) வீட்டு முற்றத்தில் 1920களில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் குழுவில் கவிதையை வாய்விட்டுப் படித்தார்கள், ரசித்தார்கள், தகராறு செய்தார்கள். தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் அங்கே உருவான ஆள். பிறகு ஒரு தலைமுறை கையெழுத்துப் பத்திரிகையில் எழுதக் கற்றது. கலாப்ரியாவின் ஆரம்பக் கவிதைகள் வந்தது ‘பொருநை’ என்ற கையெழுத்து இதழில், ‘கசடதபற’ என்ற அச்சிதழ் அப்புறம்தான். கையெழுத்து இதழுக்குப் பிரதி ஒன்றுதான். அது வீடு வீடாகச் சுற்றும். கடைசிப் பக்கங்களை வாசிப்பவர்கள் அபிப்பிராயம் எழுதக் காலியாக விட்டுவைப்பார்கள். அந்தக் காலிப் பக்கத்துக்காகவே பலர் எழுதினார்கள் என்று நினைக்கிறேன்.

ராஜவல்லிபுரத்துக்காரரான வல்லிக்கண்ணனை இந்த வரிசையில் தனியாகச் சொல்ல வேண்டும். ‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ நூலுக்காக 1978இல் சாகித்திய அகாதமி விருது பெற்றவர், ஊர் பேர் தெரியாத புதிய எழுத்தாளர்களுக்கெல்லாம் கடைசிவரை கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார். ‘உங்கள் கதையைப் படித்தேன்’ என்று ஒருவர் எழுதி அது தபாலில் வந்து சேர்வது எழுதுகிறவனுக்கு என்ன செய்யும் என்பது அந்தக் கடிதங்களைப் பெற்ற தலைமுறைக்குத் தெரியும். வகுப்பறையில் நன்றிக் கடிதத்துக்கு நான்கு மதிப்பெண் போடுகிற நாம், இந்த ஊரிலேயே ஒருவர் கடிதத்தால் எழுத்தாளர்களை வளர்த்தார் என்பதை அந்தப் பாடத்தோடு சேர்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை.

பாடநூல் மீது இப்போது பெரிய குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய தமிழ் நூல்களில் ‘மொழியை ஆள்வோம்’, ‘மொழியோடு விளையாடு’ என்று ஒவ்வோர் இயலிலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்பில் பேச்சுமொழி, எழுத்துமொழி பற்றி ஒரு பாடம் உண்டு; சொலவடைகள் பற்றி ஒன்று; திருநெல்வேலியைப் பற்றி ஒரு பாடமும், டி.கே.சி. எழுதிய ‘திருநெல்வேலிச் சீமையும் கவிகளும்’ என்ற கட்டுரையும் உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2022இல் ஆறு முதல் ஒன்பது வகுப்புக்கென்று ‘தேன்சிட்டு’ இதழைத் தொடங்கியது. அதில் பிள்ளைகளின் படைப்புகளும் வருகின்றன. 2023இல் வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. கலைத் திருவிழாவில் கதைக்கும் கவிதைக்கும் போட்டி வைக்கிறார்கள்.

இதில் போட்டியைப் பற்றி மட்டும் எனக்கு ஐயம். போட்டியில் ஒரு பிள்ளை ஜெயிக்கும். மற்ற முப்பத்து நான்கும் தங்களுக்கு எழுத வராது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிடும். பன்னிரண்டு வயதில் கட்டிய முடிவை அப்புறம் அவிழ்ப்பது கஷ்டம். ‘தேன்சிட்டு’ நல்ல காரியம்தான், ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஒரே இதழ் என்னும்போது முக்கூடல் பக்கத்து ஏழாம் வகுப்புப் பெண்ணின் பக்கம் எப்போது வரும்? பிள்ளைக்கு வேண்டியது லட்சம் வாசகர் இல்லை. பக்கத்துப் பெஞ்சைத் தாண்டி ஓர் ஆள் இருந்தால் போதும்.

எதை எழுதச் சொல்வது என்ற கேள்விக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பதிலுக்குப் பஞ்சமே இல்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வீடுகளில் அம்மா மடியில் பீடித் தட்டு. பத்தமடையில் கோரைப் பாய். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். காருகுறிச்சியில் மண்பாண்டம். ‘உங்கள் வீட்டில் செய்யும் ஒரு வேலையை, தெரியாத ஒருவர் படித்துச் செய்யும்படி எழுதுங்கள்’ என்று ஆறாம் வகுப்பில் ஒரு நாள் கேட்டுப்பார்க்கலாம். கோரையை எவ்வளவு மெல்லியதாகக் கீறினால் பட்டுப்பாய், எவ்வளவு தடிமனுக்குச் சாதாரணப் பாய் என்பது ஆசிரியருக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். ஆசிரியர் நிஜமாகவே ‘இது எனக்குப் புரியவில்லையே, தண்ணீரில் எத்தனை நாள் ஊறப்போடுவார்கள்?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதும் இரண்டாவது பிரதிதான் எழுத்துப் பயிற்சி. ‘அழகாக எழுது’ என்று சொல்லி வராத தெளிவு, படிக்கிறவருக்குப் புரியவில்லை என்றதும் வந்துவிடும். ஆய்வாளர் நா. வானமாமலை 1960களில் நாட்டுப் பாடல்களைத் திரட்டத் தொடங்கியபோது, எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்ச் செய்ததும் இதைத்தான்: தெரிந்தவரிடம் போய்க் கேட்பது, கேட்டதைக் கேட்டபடி எழுதிவைப்பது.

கேட்டபடி எழுதுவது என்றதும் மொழிச் சிக்கல் வருகிறது. ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்ற பயிற்சி எல்லோருக்கும் தெரியும். அது ஒருவழிப் பாதை. பேச்சு எப்போதும் திருத்தப்பட வேண்டிய கட்சியில் இருக்கிறது. ஒரு பிள்ளை இப்படி எழுதிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்; உதாரணத்துக்காக நான் எழுதியது:

‘மள கொட்டுச்சு. எங்க ஆச்சி வாரியல வச்சு தண்ணிய தள்ளிக்கிட்டே இருந்தா. தண்ணி போகல. சவம் வீட்டுக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டுன்னு ஏசுனா.’

சிவப்புப் பேனா வைத்திருக்கும் கை இதைக் கண்டதும் துடிக்கும். மழை, மள ஆகிவிட்டது. தெற்கே ழகரம் நாக்கில் ளகரமாகவே உருளும், காதில் விழுந்ததைப் பிள்ளை எழுதியிருக்கிறது. வாரியல், துடைப்பம் ஆக வேண்டும். சவத்தை அடித்துவிட வேண்டும். எல்லாம் திருத்தி முடித்தால் மிஞ்சுவது: ‘மழை பெய்தது. பாட்டி துடைப்பத்தால் நீரை அகற்றினார்.’ பிழையில்லாத வாக்கியம். ஆச்சியைக் காணோம்.

இதே ஊரில் படித்து இதே ஊர்ப் பேச்சை அச்சில் ஏற்றிய புதுமைப்பித்தன் இதற்கு எப்போதோ வழி காட்டிவிட்டார். கதை சொல்பவரின் குரல் எழுத்துத் தமிழில் நடக்கும், பாத்திரம் வாயைத் திறந்தால் திருநெல்வேலி கேட்கும். ஏழாம் வகுப்புக்கு இந்த ஒரு விதி போதும். ‘மழை கொட்டியது. எங்கள் ஆச்சி வாரியலால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் போகவில்லை. “சவம், வீட்டுக்குள்ள வந்து சம்மணம் போட்டு உக்காந்துட்டு” என்று ஏசினாள்.’ ழகரம் திருந்தியது, வினைமுற்று திருந்தியது, மேற்கோள்குறி எதற்கு இருக்கிறது என்பதும் பிள்ளைக்குப் புரிந்தது. வாரியலைத் தொடவில்லை, கோயம்புத்தூர்க்காரர் படித்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கரிசல் வழக்குச் சொற்களுக்கென்று கி.ரா. ஓர் அகராதியே தொகுத்துக் கொடுத்திருக்கிறார். அதைப் போல வகுப்புச் சுவரில் ஒரு தாளை ஒட்டி தார்சா, முடுக்கு, சொளவு, பைதா என்று பிள்ளைகள் கொண்டுவரும் சொற்களை எழுதிவைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

ஆனால் ‘உன் பேச்சை எழுது’ என்று சொல்வது இந்த மாவட்டத்தில் அவ்வளவு அப்பாவித்தனமான காரியமும் இல்லை. பேச்சில் சாதி இருக்கிறது, மதம் இருக்கிறது, தெரு இருக்கிறது. ஒரு பிள்ளை ஆச்சி என்று எழுதும், இன்னொன்று உம்மா, வாப்பா என்று எழுதும், வேறொன்று அய்யா என்று எழுதும். எந்த வீடு என்று வகுப்பே கண்டுபிடித்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடைசெய்யச் சொன்னது. கயிறைக் கையிலிருந்து அறுக்கலாம். நாக்கிலிருப்பதை என்ன செய்வது? எல்லோரையும் பொதுத்தமிழில் எழுதவைத்தால் வேறுபாடு மறைந்துவிடும் என்று நினைக்கும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும், அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மறைந்த வேறுபாடு மைதானத்தில் திரும்பி வரும். அடுத்த பெஞ்சுக்காரன் வீட்டில் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவன் எழுத்திலேயே படிக்கிற பிள்ளைக்கு, அவனை ஒரு கயிறின் நிறமாக மட்டும் பார்ப்பது கொஞ்சமாவது கஷ்டமாகும். கொஞ்சம்தான். கதை எழுதவைத்து அரிவாளை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதேபோல, எல்லாவற்றையும் உரக்கப் படிக்கச் சொல்லவும் கூடாது. சில வீடுகளின் கதை வகுப்பில் கேலியாகிவிடும். பிள்ளை ஒரு பக்கத்தை மடித்துவைத்தால் ஆசிரியர் மட்டும் அதைப் படித்துவிட்டு வாயைத் திறக்கக் கூடாது என்பதை வகுப்பின் முதல் நாளே உடன்படிக்கையாக்கிவிட வேண்டும்.

வெளியூர் உதாரணங்களில் எனக்கு இரண்டுதான் இங்கே பொருந்திவரும்போலத் தோன்றுகிறது. பிரான்சின் தெற்கு மலைக் கிராமம் ஒன்றில் செலெஸ்தின் ஃப்ரெனே என்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் 1924இல் வகுப்பறைக்குள் சிறிய அச்சுப்பொறியைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் எழுதியதில் எதை அச்சிடுவது என்று தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், எழுத்து கோத்தார்கள், வேறொரு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. ஈய எழுத்தைக் கையால் கோக்கும் பிள்ளைக்கு ஒற்றுப்பிழை பற்றி யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இன்னொன்று இத்தாலியில் பார்பியானா. லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் நடத்திய பள்ளியின் ஏழைப் பிள்ளைகள் எட்டுப் பேர் தங்களைப் பெயிலாக்கிய ஆசிரியைக்கு எழுதிய நீண்ட கடிதம் 1967இல் புத்தகமாக வந்தது. தமிழிலும் கிடைக்கிறது. எல்லோரும் சேர்ந்து எப்படி எழுதினோம் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். தோன்றியதை ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதுவது, ஒன்றுபோல இருப்பதைச் சேர்ப்பது, குவியல்களுக்கு வரிசை போடுவது, பிறகு எது இல்லாவிட்டாலும் குறையில்லையோ அதையெல்லாம் வெட்டுவது. துண்டுச்சீட்டுக்கு ஆகும் செலவு என்ன? பழைய நோட்டின் எழுதாத பக்கங்கள். எழுத வராத பிள்ளையும் இதில் ஒரு சீட்டுப் போடலாம்.

எழுத வராத பிள்ளை என்றதும் தலைமையாசிரியர்கள் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது, நியாயமான கேள்வி. எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகள் இருக்கும்போது கதையும் கவிதையும் யாருக்கு? முதலில் வாசிக்கட்டும், எழுதுவதை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். சில்வியா ஆஷ்டன்-வார்னர் நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தை 1963இல் புத்தகமாக எழுதினார். பாடப்புத்தகத்துச் சொற்களை ஓரமாக வைத்துவிட்டு, அந்தந்தக் குழந்தைக்கு உயிராக இருக்கும் சொல்லைக் கேட்டு, அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். பயம், அம்மா, பேய், முத்தம். அந்தச் சொற்களைக் குழந்தை மறக்கவில்லை. நம்முடைய அறிவொளி எழுத்தறிவு இயக்கமும் 1990களின் தொடக்கத்தில் இந்த உண்மையைக் கைநாட்டு வைத்த பெரியவர்களிடம் கண்டுகொண்டது. பத்தமடையில் வாழ்ந்த ச. தமிழ்ச்செல்வன் அந்த அனுபவங்களை ‘இருளும் ஒளியும்’ என்று எழுதினார். தனக்கு வேண்டிய சொல்லுக்காக மனிதர்கள் எழுத்தைக் கற்பார்கள். ஆகவே வாசிப்பு முதலில், எழுத்து அப்புறம் என்று வரிசை போடுவது கேட்க ஒழுங்காகத் தோன்றினாலும் பின்தங்கிய பிள்ளைக்கு அது இரட்டைத் தண்டனை. அவன் சொல்லச் சொல்ல இன்னொரு பிள்ளை எழுதட்டும். தன் வாயிலிருந்து வந்த நான்கு வரியைப் படிக்க அவன் படும் பாடு, பாடநூலின் நாலு வரிக்குப் படுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

திருத்தும் சுமை நிஜமானது. தமிழாசிரியர் ஒருவர் மூன்று வகுப்பு எடுத்தால் நூறு நோட்டு. எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டிய மாணவர் விவரம் வேறு. கல்வியாளர் ச. மாடசாமி ‘என் சிவப்புப் பால்பாயிண்ட் பேனா’ என்று ஒரு நூலுக்கே தலைப்பு வைத்தார், ஆசிரியர்களுக்கு அந்தத் தலைப்பே உறைக்கும். நூறு நோட்டிலும் எல்லாப் பிழையையும் வட்டமிடுவதால் யாருக்கும் பயனில்லை. இந்த வாரம் ரகர றகரம் மட்டும், அடுத்த வாரம் ஒற்று மட்டும் என்று பார்த்தால் சுமை குறையும், பிள்ளைக்கும் என்ன கற்கிறோம் என்று தெரியும். பிழை பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வரி, வாசகராக: ‘அந்த மாடு அப்புறம் திரும்பி வந்ததா?’ வளரறி மதிப்பீட்டுக்கு ஏற்கெனவே நாற்பது மதிப்பெண் ஒதுக்கீடு இருக்கிறது. இதை அதற்குள்ளேயே அடக்கிவிடலாம்.

இதையெல்லாம் யார் செய்வது என்றால், எழுதும் பழக்கம் உள்ள ஆசிரியர்கள்தாம் செய்ய முடியும். 1974இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே தொடங்கிய எழுத்துத் திட்டத்தின் ஆதாரக் கருத்தே அதுதான்: எழுத்தைக் கற்பிப்பவர் முதலில் தானே எழுத வேண்டும், எழுதியதைச் சக ஆசிரியர்களிடம் படித்துக் காட்ட வேண்டும். திருநெல்வேலி மாவட்ட ஆசிரியர்களுக்கு முனைஞ்சிப்பட்டியில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே நடக்கும் பயிற்சி ஒன்றில், காலை முதல் ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் தாங்கள் ஆறாம் வகுப்புப் படித்த அறையைப் பற்றி எழுதி, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டட்டும். நோட்டை நீட்டும்போது பிள்ளைக்கு ஏன் கை நடுங்குகிறது என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் விளங்கிவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் ஆறு சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியும் ஜோடி சேர்ந்தால் போதும். மேலே இருப்பவர்களுக்கு ஆறு அருவியும் அணையும் யானைத் தடமும், கீழே இருப்பவர்களுக்கு அதே ஆறு வாழையும் மணலும் வற்றிய கால்வாயும். மேலிருந்து கீழே கடிதம் போகட்டும், கீழிருந்து மேலே வரட்டும். போஸ்ட் கார்டு இன்னும் ஐம்பது பைசாதான். முப்பத்தைந்து பிள்ளைக்குப் பதினேழு ரூபாய் ஐம்பது காசு. ‘உங்க ஊர்ல ஆறு எப்படி இருக்கும்?’ என்று நிஜமாகவே தெரியாத ஒருவர் கேட்டால், பிள்ளை முன்னுரை எழுதாது. இதில் ஒரே ஒரு இடைஞ்சல். 1986இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து அம்பாசமுத்திரம் திருநெல்வேலியிலும் ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. முதன்மைக் கல்வி அலுவலர்கள் இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளைகளின் கார்டு இரண்டு நாளில் போய்விடும், அனுமதிக் கடிதம் எப்போது போய்ச் சேரும் என்பதைத்தான் சொல்ல முடியாது.